பொருத்துமுன் ஒரு சோதனை

அசல் அளவில் 87-இல் ஒரு பங்கான என் மாதிரி ரயில் எஞ்சினுள், டிஜிட்டல் கட்டளையை ஏற்று மோட்டாரை இயக்கும் ‘டிகோடர்’ என்னும் சிறு மின்கருவியைப் பொருத்தினேன். ஆவலால் எஞ்சினை முன்னரே சோதிக்கத் தவறினேன். தண்டவாளத்தில் வைத்ததும் புகை எழுந்தது, கருவி கருகிற்று. மோட்டாரின் ஒரு முனை, தண்டவாளத்தோடு மின்தொடர்புடைய உலோகச் சட்டத்தைத் தொட்டிருந்தது. வெறும் நேர்மின்னோட்டத்தில் ஓடியவரை அதனால் தீங்கில்லை. டிகோடருக்கோ அதுவே நஞ்சு.

அன்றிலிருந்து, முதற்கண் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறேன். சக்கரங்களைக் கணப்பொழுது பிடித்து நிறுத்தி, மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கிறேன். அது டிகோடரின் தாங்குதிறனை மிஞ்சலாகாது. பின்னர் இணைப்புகளை நீக்கி, மோட்டார் முனைகள் சட்டத்தைத் தொடவில்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்கிறேன். பழையதில் மறைந்த குறைக்குப் புதியதே பலியாகிறது.