வேட்டைத் துப்பாக்கியின் இலக்கணம்

செஞ்சிக் கோட்டைப் பீரங்கியைக் காணும் என் மாணாக்கர் அதன் பருமனையே வியப்பர். வேட்டைத் துப்பாக்கிக்கோ பருமன் சிறப்பன்று, பிழையாமையே சிறப்பு.

1907-இல் குமாவோன் மலைநாட்டுச் சம்பாவத்தில் ஜிம் கார்பெட் வீழ்த்திய பெண்புலி 436 பேரைக் கொன்றதென்பர். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய குண்டுக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல இயலாமலே அது மனிதரை நாடியது என்று அவர் எழுதினார். எவரோ குறி தவறிச் சுட்ட ஒரு குண்டின் விலை அது!

கதவுத் தாழ்ப்பாளைப்போல் தூக்கி, இழுத்து, தள்ளி, தாழ்த்தி இயக்கும் துப்பாக்கியில் நான் மூன்று குணங்களைத் தேடுவேன். கட்டை தோளுக்குப் பொருந்த வேண்டும். விசை நெருடலின்றி விடுபட வேண்டும். அடுத்த தோட்டா சிக்காமல் ஏற வேண்டும். 1898-ஆம் ஆண்டின் மௌசர் அமைப்பில், தோட்டா அறையினுள் நுழையுமுன்பே அகன்ற கொக்கியொன்று அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். பதற்றத்திலும் கை ஏமாறுவது அரிது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கு இடமில்லை. ஆட்கொல்லியைச் சுடவும் அரசின் ஆணை வேண்டும். அவ்வாணை பெற்றவர் கைக்கும் இலக்கணம் இதுவே: காயத்தோடு தப்பவிடாத துப்பாக்கியே நல்ல துப்பாக்கி.