சவரக்கத்திக்கு எந்த எண்ணெய்?



ஐயாவின் கவிதைகளைப் பற்றிச் சென்ற ஆண்டுகளில் பலர் பேசிவிட்டார்கள். இன்று அவருடைய சவரக்கத்தியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். மேசைமேல் இருக்கும் இந்த அடைப்பத்தைக் குடும்பத்தார் நம்மிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மடக்குக் கத்தி, ஒரு தோல்வார், தீட்டுக்கல், படிகாரத் துண்டு, ஓரம் நசுங்கிய பித்தளைக் கிண்ணம். இவ்வளவுதான் அதில் இருப்பவை.

ஐயா பிறப்பால் சவரத் தொழிலாளி அல்ல. ஊர்த்தெருவில் சவரக்கடை இருந்தது, நம் பிள்ளைகளிடம் காசும் இருந்தது. நாற்காலி மட்டும் நமக்கு இல்லை. அதனால் ஐயா தாமே கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் தலைமுடி வெட்டுவார், இரவில் அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் இதைத்தான் எழுதியிருக்கிறார். சத்தாராவில் நாவிதர்கள் இருந்தார்கள், கூலி கொடுக்கவும் வழி இருந்தது. ஆனாலும் தீண்டத்தகாத பிள்ளைக்கு முடிவெட்ட எவரும் முன்வரவில்லை. அவருடைய அக்காதான் வெட்டிவிட்டார். அந்த அக்காவின் வேலையைத்தான் நம் தெருவில் ஐயா செய்தார்.

இந்தக் கத்தியை நாம் எப்படிப் பாதுகாத்தோம்? வெட்கத்தோடு சொல்கிறோம். நல்லெண்ணெய் தடவி, பழைய தோலுறையில் போட்டு, அலுவலக பீரோவுக்குள் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் அலகின்மேல் பழுப்பு நிறத்தில் பிசின் படிந்திருந்தது. அதன் அடியில் துரு. மரியாதையாகத்தான் செய்தோம். ஆனால் ஐயாவின் கைக்குத் தெரிந்திருந்த ஒன்று, பட்டம் பெற்ற நம் தலைகளுக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டோம். பழைய சவரக்கத்தி கரிமம் மிகுந்த எஃகு. கூர்மை நன்றாக நிற்கும், ஆனால் எளிதில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் சுமார் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும், இதில் அது கிடையாது. துரு ஏற ஈரமும் காற்றும் போதும். வியர்வை உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். எண்ணெயின் வேலை ஈரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்பது. அந்தப் படலம் நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

நல்லெண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய் இன்னும் வேகமாகக் காய்ந்து தோலாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தினமும் துடைத்துத் தினமும் தடவுகிற கைக்கு அது போதும். ஐயாவும் அதைத்தான் வைத்திருந்தார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். விளக்கெண்ணெய் காயாது, ஆனால் கனம் அதிகம், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், பிறகு ஆவியாகிவிடும், காவலுக்கு நிற்காது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும் கத்திக்குக் கனிம எண்ணெய்தான் சரி. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய். இவை கெட்டுப்போவதில்லை, பிசினாவதும் இல்லை.

இதை நமக்குச் சொன்னவர் யார் தெரியுமா? பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் மருத்துவர் சமூகப் பெரியவர் ஒருவர். அவரைத் தேடிப் போக நமக்குத் தயக்கம் இருந்தது. நம்மைத் திருப்பி அனுப்பிய கடை அவருடைய அப்பாவின் கடை. கத்தியைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் பேசவில்லை. கட்டைவிரல் நகத்தால் அலகை வருடிப் பார்த்தார். "நல்ல கை புழங்கின கத்தி தம்பி" என்றார். பிறகு, நாம் கேட்காமலேயே சொன்னார்: "எங்கப்பா உங்க தெருவுக்கு வந்திருந்தா, அந்த வருசம் களத்துல எங்களுக்கு நெல்லு அளந்திருக்க மாட்டாங்க. ஆனா அத சொல்லித் தப்பிச்சிக்க முடியாது. வரலங்கிறதுதானே உண்மை."

சமூகவியல் வகுப்பில் படிநிலைச் சமத்துவமின்மை என்று படிக்கிறோம். அந்தக் கடையில் அதை நேரில் பார்த்தோம். அவரும் ஊருக்குக் கீழே. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வேண்டியவர், பந்தியில் வேண்டாதவர். ஆனாலும் அவருடைய கத்தி நம்மைத் தொடாமல் இருந்தால்தான் அவருக்கு அந்த இடமாவது மிஞ்சும் என்று ஊர் ஏற்பாடு செய்திருந்தது. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரிக்கிறது என்று அண்ணல் 1936இல் சொன்னதன் பொருள் இதுதான்.

பெரியவர் காட்டிக் கொடுத்த முறையை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெய் போட்டால் துருவைப் பூட்டி வைத்ததாகிவிடும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டுதான். முதுகிலிருந்து கூர்முனையை நோக்கித் துடைக்க வேண்டும், முனைக்கு எதிராக இழுத்தால் துணியும் கிழியும், விரலும் கிழியும். கத்தி மடங்கும் ஆணியில் நீர் தங்கும், அங்கே இன்னொரு சொட்டு. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதில் வைக்கவே கூடாது. சவரம் செய்வதானால் எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் தோல்வாரில் தீட்ட வேண்டும். இன்னொன்று: எண்ணெய் கிருமியைக் கொல்லாது. கத்தி பளபளப்பதால் அது சுத்தம் என்று ஆகிவிடாது. ரத்தத்தில் பரவும் நோய்களுக்காகத்தான் இன்று கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிறார்கள்.

கத்தியைச் சாணை பிடித்துப் புதிது போல் ஆக்கலாமா என்று நமக்குள் விவாதம் நடந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஏறும் துருவை எடுத்தோம், குழிகளை விட்டுவிட்டோம். அந்தக் குழிகள் நம் அலட்சியத்தின் கணக்கு, அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை. குலத்தொழிலின் பெருமை என்று எழுதி இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் நமக்குச் சம்மதமில்லை. ஐயா இந்தக் கத்தியை எடுத்தது மறுக்கப்பட்டதால். தம் பிள்ளைகள் இதை எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இரவில் பாடம் சொன்னார்.

சாதியைத் துரு என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. துருவுக்குக் காற்றும் நீரும் போதும். சாதிக்கு ஒவ்வொரு நாளும் ஆள் வேண்டும், கடையின் வாசலில் நின்று இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 6, தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பதைக் குற்றம் என்கிறது. 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. ஆனாலும் முடிவெட்டிக்கொள்ளப் பேருந்து ஏறி டவுனுக்குப் போகும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தந்த ஊர்க் கடைகளுக்கு நாம் நேரில் போக வேண்டும். மறுத்தால் புகார் எழுத வேண்டும். கடைக்காரரை மிரட்டும் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயரும் அந்தப் புகாரில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கத்தியைத் துடைத்து எண்ணெய் இடும் பொறுப்பை மாணவர் குழு ஏற்றிருக்கிறது. அடுத்த முறை துடைக்கும் நாளில் அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "என் கத்தியையும் கொண்டாறேன், வேப்பமரத்தடியில உக்காந்து வெட்டுறேன்" என்றார். வாருங்கள், ஆனால் மரத்தடியில் வேண்டாம், உங்கள் கடை நாற்காலியில் என்று சொல்லி வந்திருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.