நம்மவர் எழுதிய நூல்கள்



பரிசளிப்பு விழா என்றாலே கிண்ணமும் கேடயமும் என்றாகிவிட்டது. அந்தப் பணத்தில் பாதிக்காவது புத்தகம் வாங்கலாமே என்று நான் சொன்னபோது, "எந்தப் புத்தகம் வாங்குறது, சார்?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி.

நான் சொல்லப்போவன எல்லாம் நம் நாட்டுத் தமிழர் எழுதியவை. இங்கே பெரும்பாலும் எழுதியவரே கைக்காசு போட்டு அச்சடிப்பார். வெளியீட்டு விழாவில் மாலை விழும், பிரமுகர் முதல் நூலை வாங்குவார். மிச்சப் பிரதிகள் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்! விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வருமென்று உறுதியில்லை. ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ கிள்ளானிலோ கண்ணில் பட்டால் உடனே வாங்கிவிடுங்கள்.

முதலில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993). ஜப்பானியர் காலத்தில், 1942, 43ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர் பலர். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தை உலகமே பார்த்தது. அதன் கதை வெள்ளைக்காரக் கைதிகளுடையது; நம்மாளுக்கு அதில் இடமில்லை. (படம் எடுத்த இடமோ இலங்கை!) நம்மாளை எழுத நம்மவர்தான் வேண்டியிருந்தது. இதே துயரத்தை அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' (2005) நாவலில் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரவில் தூக்கம் வராது, சொல்லிவிட்டேன்.

சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' (2006) தோட்ட வாழ்க்கை நாவல். தமிழ்நாட்டு அகிலனும் இங்கு வந்து பார்த்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். நல்ல மனசு, ஆனாலும் விருந்தாளியின் கண். முத்துசாமி எழுதுவது நம் லயத்துப் பேச்சு. பாட்டி பேசுவது காதில் விழும். இது பெரியவர்களுக்கான நூல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு? ஆசிரியர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓர் இரகசியக் கடிதமும்' இருக்கிறது. துப்பறியும் கதை என்றால் கைப்பேசியைக்கூடக் கீழே வைப்பார்கள், பார்த்திருக்கிறேன்.

கதை வேண்டாம், வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் கிள்ளானிலிருந்து வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்'. 1887 முதல் நூறாண்டுக் கவிதைகளைத் தேடிச் சேர்த்தவர் நம்மைப் போன்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். (முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் அவர் மகன்.) கனத்த நூல், மடியில் வைத்துப் படிக்க முடியாது. வீட்டுக்கு வேண்டாம், பள்ளிக்கு ஒன்று போதும். சிறுகதை விரும்புகிறவர்கள் சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' தேடுங்கள்.

இந்நூல்களில் அச்சுப்பிழை உண்டு, மெலிந்த அட்டை உண்டு. அதற்காக ஒதுக்க வேண்டாம். பிழையைப் பென்சிலால் திருத்திக்கொண்டே படிப்பது என் வழக்கம்.

இவற்றுள் நான்கு, ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றன. வேலை முடிந்து யார் வந்து கேட்டாலும் தருவேன். நோட்டில் பெயரெழுதி, இரண்டு வாரத்தில் திருப்பினால் சரி. வரும்போது, உங்கள் வீட்டில் சயாம் போன தாத்தாவின் படமோ கடிதமோ இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.