அலை வருமுன் உள்ள இரண்டு மணித்தியாலம்



மட்டக்களப்பு மக்களாகிய நாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கின்றோம். எழுவான்கரையிலே, நாவலடியிலும் கல்லாற்றிலும் இரு நீருக்கும் இடைப்பட்ட மணல்திட்டு சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரத்துக்கு மேல் இல்லை. கடல் எழுந்தால் உள்நாட்டுக்கு ஓடு என்பது பிறவூராருக்குச் சொல்லத்தக்க புத்திமதி. எமக்கோ ஓடும் திசையிலும் தண்ணீர் நிற்கிறது. பாலம் எங்கே, அதனை எத்தனை நிமிடத்தில் அடையலாம் என்பதை அறியாதவன் இந்தக் கரையிலே திசை அறியாதவனே ஆவான்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை நேரிற் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் போயின. தலைமுறைகள் வளர்த்த தென்னந்தோட்டங்கள் ஓரிரவிலே சாய்ந்தன. 2011 சனவரி வெள்ளம் கதிர் முற்றும் தறுவாயில் நின்ற பெரும்போக நெல்லை மூழ்கடித்தது. இவற்றுக்கிடையே 2004 டிசம்பர் 26 வந்தது. அதைப்பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகின்றோம்.

அன்று ஞாயிறு, பூரணை விடுமுறையும் ஆகும். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது எமது கடிகாரத்தில் காலை ஏழு மணி. அலை எமது கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. இரண்டு மணித்தியாலம்! கிழவரைக் கைத்தாங்கலாகவும் குழந்தையை இடுப்பிலும் கொண்டு கல்லடிப் பாலத்தை நடந்தே கடப்பதற்கு அது போதாதா? இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டது நேரம் இல்லாமையால் அன்று. அந்த நேரம் இருக்கிறது என்று சொல்வாரில்லாமையால். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949ஆம் ஆண்டு முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக் கரையிலே வாழ்ந்தவர்களுக்கு அது இல்லை. ஏழைகளின் கடலுக்குக் காவல் வைக்க உலகம் பிணங்களை எண்ணும் வரை காத்திருந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் உண்டு. அதன்கீழ் ஒரு நிலையம் உண்டு. 117 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. 2012 ஏப்பிரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே மீண்டும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது; கரையோரத்தார் வெளியேறினர்; பேரலை வரவில்லை. "வீணாய் ஓடினோம்" என்று அன்று சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்வோம்: வராத அலைக்கு ஓடப் பழகியவன்தான் வரும் அலைக்கும் ஓடுவான்.

ஆனால், எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது? இதனைக் கேட்பது அரசியல் பேசுவதாகாது. உயிர்ப்பிச்சை கேட்பதும் ஆகாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றே கூறுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் வந்தபோது, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்ட அந்த நாட்களிலே, தமிழில் அறிவித்தல் போதியளவு கிட்டவில்லை என்ற முறைப்பாடு பகிரங்கமாகவே எழுந்தது. சிங்களத்தில் காலையிலும் தமிழில் மாலையிலும் வரும் புயல் அறிவித்தல் எமக்கு அறிவித்தல் அன்று. அது பழைய செய்தி. அதே மணியில், அதே தெளிவோடு தமிழில் வரவேண்டும்.

இதனை நாம் இத்துணை வற்புறுத்துவதற்கு இக்கரைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. கடல் உள்வாங்கினால் ஓடு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அது நல்ல பாடமே; ஆயினும் போதாது. 2004இல் பூகம்பத்துக்குக் கிழக்கேயுள்ள தாய்லாந்துக் கரைகளிலே கடல் முதலில் வற்றியது. மேற்கேயுள்ள எமது பக்கத்துக்கு முதலில் வந்ததோ நீர் ஏற்றம். நிலநடுக்கமும் இத்தனை தூரத்தில் பலருக்குத் தெரியாது. ஆகவே, கடல் வற்றட்டும், பார்க்கலாம் என்று நிற்பவன் இங்கே அலையையே முதல் அடையாளமாகக் காணக்கூடும். முதல் அலை போய்விட்டது என்று பொருள் எடுக்கத் திரும்புவதும் ஆகாது. பின்வரும் அலை அதனினும் பெரிதாக இருக்கலாம்.

புயலுக்கு இரண்டு மணித்தியாலம் அல்ல, இரண்டு நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளில் தகரக் கூரையைக் கட்டி இறுக்குவதும், வீட்டின்மேல் சாயக்கூடிய கொப்பை வெட்டுவதும் ஒரு மனிதனின் அரைநாள் வேலை. நடுவிலே காற்று திடீரென அடங்கினால் வெளியே வந்து சேதம் பார்க்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடியும் அடிக்கும்.

இனி, வேளாண்மைப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. புயலும் வெள்ளமும் வரும் கார்த்திகை மார்கழியிலே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? படுவான்கரை வயலிலே, காவல் வாடியிலே. வீட்டிலே இருப்பவர்கள் தாயும் பிள்ளைகளும் முதியோரும். காணி உறுதி எந்தப் பெட்டியில் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். "அவர் வரட்டும்" என்று வீட்டார் காத்திருப்பார்கள். நீங்களோ "வீட்டார் போயிருப்பார்களா" என்று தெரியாமல் கடற்கரை நோக்கி ஓடி வருவீர்கள். 'அறிவித்தல் வந்தால் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதில்லை; இன்ன பாடசாலையில் சந்திப்போம்' என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். விதை நெல்லில் ஒரு பங்கையாவது மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் வையுங்கள்.

உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை நீர் புகாத பையொன்றில் ஒரே இடத்தில் இருக்கட்டும். உறுதியைக் கடலுக்குக் கொடுத்தவன் தன் வளவைத் தன் வளவென்று நிறுவக் கந்தோர் கந்தோராய் அலைய வேண்டியிருக்கும். நோயாளி இருந்தால் ஒரு கிழமை மருந்து அந்தப் பையிலேயே கிடக்கட்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் விளக்கேற்றுகின்றோம். ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும், டோர்ச் லைட்டுக்கும் வானொலிக்கும் பற்றரி உண்டா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

கிணறுகளைப் பற்றியும் கூறவேண்டும். மணற்கரையிலே நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. கடல்நீர் புகுந்த கிணற்றை இயந்திரம் வைத்து ஓயாமல் இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறும்; மாரி மழை பெய்து மணலைக் கழுவும்வரை பொறுத்திருத்தலே நல்லது. அதுவரை குடிநீருக்கு மூடிய பாத்திரத்திலே சேமிப்பு வேண்டும்.

உத்தியோக அன்பர்களே, ஆசிரியர்களே, உங்கள் தெருவிலே தனியே படுத்திருக்கும் முதியவர் யார், கைக்குழந்தையோடு இருப்பவர் யார் என்று ஒரு தாளிலே எழுதுங்கள். யாரை யார் தூக்கி வருவது என்பதையும் பெயருக்கு எதிரே குறியுங்கள். அத்தாளின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படையுங்கள். ஐப்பசி விதைப்புக்கு வயலுக்குப் புறப்படுமுன் இது முடிந்திருக்க வேண்டும்.