சாய்ந்த எழுத்துக்கு எங்கே இடம்?

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் பேனாவால் எழுதியதுபோல் சாய்த்து அச்சிடுவது இன்று கோல சிலாங்கூரிலும் சாதாரணம். அந்த அழகுக்கு ஒரு காலத்தில் ஆளையே தேட வேண்டியிருந்தது.

1917-இல் ஹென்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் போட வேண்டும் என்றாலும், கோயில் திருவிழா நோட்டீசு போட வேண்டும் என்றாலும், எழுத்து மணியாக உள்ள வாத்தியாரையோ கிராணியையோதான் பிடிப்பார்கள். அவர் ஸ்டென்சில் தாளில் எழுதித் தருவார்; சைக்ளோஸ்டைலில் படி எடுப்பார்கள்.

அந்தக் கையின் வேலையை இப்போது எழுத்துரு செய்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ அதற்கு நல்ல உதாரணம். வலப்பக்கம் சாய்ந்து, பேனா ஓட்டத்தோடு நடக்கும் எழுத்து அது. யுனிகோடில் அமைந்திருப்பதால், பழைய அச்சக எழுத்துருக்களைப் போல் கணினி மாறியதும் ‘முருகன்’ என்ற பெயர் குறியீட்டுக் குப்பையாகிவிடுவதில்லை. தலைப்புக்கும் பெயருக்கும் அது மிக நன்றாகப் பொருந்துகிறது.

முழுப் பக்கத்துக்கு? அங்கேதான் சிக்கல்.

தமிழில் ‘ர’வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள ஒரு சின்னக் கீற்று. எழுத்தைச் சாய்த்துச் சிறிதாக்கினால் அந்தக் கீற்று மங்கிவிடும். புள்ளி பக்கத்துக் கொக்கியில் போய் ஒட்டும். உபயகாரர் பட்டியலை இப்படி அச்சிட்டால் தாத்தாமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஐரோப்பாவிலும் 1501-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் முழு நூலையே சாய்வெழுத்தில் அச்சிட்டார். பிற்காலத்தில் அந்த எழுத்து அழுத்தம் தர வேண்டிய சொற்களோடு ஒதுங்கிக்கொண்டது.

இன்னொரு குறையும் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின், துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘ளை’ அச்சிலிருந்து மெல்லப் போய்விட்டன. மூத்தவர் சிலர் கையெழுத்தில் இன்னும் அவை உண்டு. கையெழுத்துப் பாணி எழுத்துருக்களாவது அவற்றை மாற்று வடிவமாகத் தரலாம், பெரும்பாலானவை தருவதில்லை.

தேதி, நேரம், இடம், உபயம் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்த எழுத்தே ஏற்றது. அதற்கு எங்கும் அலைய வேண்டாம். ஐபோனில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்’ நம் மலேசியர் முத்து நெடுமாறன் வடித்தது, அந்த ‘எம்.என்’ அவர் பெயரின் முதலெழுத்துகள்தான்.

கவிவாணரைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கோயில் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படி எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.