தேனீக் கணக்கு



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். பொருளாதாரம்னா பெரிய படிப்பு படிச்சவங்க சமாச்சாரம்னு இருந்தேன். குழுப் பயிற்சியில ஜே.சி. குமரப்பா ஐயாவைப் பத்திச் சொன்னாங்க. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டன்ல கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவுல பொருளாதாரமும் படிச்சவர். காந்தியடிகளோட சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைச்சார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960-ல் மறைந்தார்.

அவ்வளவு படிச்சவர் நமக்குப் புரியுற மாதிரி சொன்னார். குரங்கு, தான் வளர்க்காத மரத்துல பழத்தைப் பறிச்சுத் தின்னும். மரத்துக்கு ஒண்ணும் செய்யாது. தேனீயும் பூவுல தேன் எடுக்குது. ஆனா மகரந்தத்தைச் சேர்த்து மரத்தைக் காய்க்க வைக்குது. சேர்த்த தேனும் கூட்டுக்கே பொது.

கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. குழுவுல நூத்துக்கு ஒரு ரூபா வட்டியில 10,000 ரூபா வாங்கி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூணு ரூபா வட்டிக்கு விட்டிருந்தேன். மாசம் 200 ரூபா எனக்குச் சும்மா வந்துச்சு. அவங்க ஆட்டை வித்து வட்டி கட்டினாங்க. அப்ப நான் குரங்குதானே?

கூடுதலா வாங்கின வட்டியை அசல்ல கழிச்சேன். அவங்களையும் குழுவுல சேர்த்தோம். இப்ப குழுக் கடன்லயே ரெண்டு ஆடு வாங்கியிருக்காங்க.

கடன் வாங்கும்போதும் கொடுக்கும்போதும், இது குரங்குக் கணக்கா, தேனீக் கணக்கான்னு ஒரு தடவை நம்மையே கேட்டுக்குவோம். அதுதான் ஐயாவுக்கு நாம செய்யுற மரியாதை.