ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள்

(ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

தேர்தல் முடிவு வந்த மறுநாள் நம் ஊழியர்களின் முகத்தைப் பாருங்கள். ஜெயித்தால் கால் தரையில் பாவாது. தோற்றால் டீக்கடைப் பக்கம்கூடத் தலை காட்டுவதில்லை. நான் கேலி செய்யவில்லை. இரவெல்லாம் சுவரெழுதி, வீடு வீடாக ஏறி இறங்கியவனுக்குத் தோல்வி வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலியோடு எத்தனை நாள் படுத்திருப்பது?

என் கதையையே சொல்கிறேன். 2014 மே 16-ம் தேதி முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 ஸ்தானங்களில் இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை. சங்க ஆபீஸைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு விவசாயத் தொழிலாளி அம்மா வாசலில் வந்து நின்றார். நூறு நாள் வேலைக் கூலி பாக்கி. இரண்டு நாளாக ஆபீஸுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

“ஏன் தம்பி, ஓட்டிலே தோத்தா சங்கத்துக்கும் பூட்டா?” என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. அன்றே மனு எழுதினோம். கூலி வரப் பல நாள் ஆயிற்று. என் சோர்வு அன்று மாலையே போயிற்று.

கேரளத்தைப் பாருங்கள். 1957 தேர்தலில் 126 ஸ்தானங்களில் கட்சிக்கு 60 கிடைத்தது. சுயேச்சைகளின் ஆதரவோடு ஏப்ரல் 5-ல் இ.எம்.எஸ். மந்திரிசபை பதவியேற்றது. சில நாட்களிலேயே, குடியானவனை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் போட்டது. ஜெயித்ததோடு எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு 28 மாதத்தில் பாடம் கிடைத்தது. 1959 ஜூலை 31-ல் மத்திய சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது.

1960-ல் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் கூட்டுச் சேர்ந்தன. கட்சிக்கு 29 ஸ்தானமே கிடைத்தது. ஸ்தானத்தை மட்டும் எண்ணியவன் இடிந்து போயிருப்பான். ஓட்டையும் எண்ணியவன் வேறொன்றைக் கண்டான். 1957-ல் நூற்றுக்கு 35, 1960-ல் 39! ஜனங்கள் விலகவில்லை, எதிரிகள் ஒன்றுசேர்ந்தார்கள்.

ஓட்டும் குறைந்திருந்தால்? அப்போது ஜனங்களைத் திட்டாதீர்கள். அவர்களிடமே போய் ஏனென்று கேளுங்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகும் கேரளத்தில் நிலத்துக்கான போராட்டம் நிற்கவில்லை. 1967-ல் இ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சரானார். நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. கிராமத்தில் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளிக்கு 10 சென்ட் வரை உரிமை உண்டாயிற்று. ஆலப்புழைப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்கள் எவர் வந்து அளந்து தருவார் என்று காத்திராமல், தாங்களே வேலி கட்டி அந்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள். 1960-ல் அவர்கள் சங்கத்தைப் பூட்டியிருந்தால் அந்த வேலியைக் கட்ட ஆள் ஏது?

ஆகவே தோழர்களே, முடிவு எதுவானாலும் மறுநாள் காலை சங்கக் கதவு திறந்திருக்கட்டும். ஆலை வாசலில் ஷிப்டு மாறும்போது நம் ஆள் நிற்கட்டும். சேரியில் கூலி பாக்கிக் கணக்கு எழுதும் நோட்டு திறந்திருக்கட்டும். ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள். கூலிச் சண்டை தினந்தோறும்!